வீடு பார்க்க வருகிறவர்களிடம் சொல்வதற்கு

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. வருகிற ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டை விலைக்குப் பார்க்க ஒரு குடும்பம் வருகிறது. ஹோலைப் பார்ப்பார்கள், குசினியைப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து விடுவார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் பின்பக்கத்துச் சின்ன அறையின் வாசலில் நின்று, "இது யாருடைய அறை?" என்பார்கள். வீடு பார்க்க வருகிற எல்லாரும் கேட்கிற கேள்விதான். அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்யத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பது வருடம் தமிழ் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். பிள்ளைகளின் கட்டுரைகளைச் சிவப்புப் பேனையால் வெட்டி வெட்டிப் பழகிய கை. சொந்தக் கதை என்று வந்ததும் அந்தக் கைக்குத் துணிவு வரவில்லை. வெட்ட வேண்டியதெல்லாம் உங்கள் கண்ணில் படும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரிவர்ஸ்டன் மலையை முகில் மூடியிருந்த ஒரு காலைப் பொழுதில்...

அங்கே எந்தக் காலையில் முகில் இல்லாமல் இருந்தது? வேண்டாம்.

1991ஆம் வருடம் கிருஷ்ணம்மா தன் வீட்டை விற்க முடிவு செய்தாள்...

இது பொய். முடிவு செய்தவர் அவள் புருஷன் செல்லச்சாமி. சரி, அவரிலிருந்தே தொடங்குகிறேன்.

2

செல்லச்சாமி தோட்டத்து லொறி டிரைவர். தொழிலாளர் லயத்துக் காம்பிராவில், ஒற்றை அறையில் பிறந்து, லயத்துக் காம்பிராவிலேயே கலியாணமும் முடித்தவர். வேலையிலிருந்து ஓய்ந்த காசில் மாத்தளை டவுனைத் தாண்டி, றத்தோட்டைப் பாதையில் ஒரு துண்டு நிலம் வாங்கி, சொந்தக் கூரை போட்டார். ஒரே மகன் மோகன்ராஜ் டவுனில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தான். எண்பத்தொன்பதில் ஒரு மத்தியானம் அச்சகத்துக்கு முன்னால் ஜீப் வந்து நின்றது. யாரோ யாருக்கோ அடித்துக் கொடுத்த நோட்டீஸ் பற்றி ஒரு வாக்குமூலம், கொடுத்துவிட்டு உடனே வந்துவிடலாம் என்றார்கள். சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனான். (பார்சலில் என்ன கறி என்று எழுதப் பார்த்தேன். எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதி உங்களை அழ வைக்க மாட்டேன்.)

முகாம், பொலிஸ், அரசாங்கக் கச்சேரி என்று புருஷனும் பெண்சாதியும் இரண்டு வருடம் அலைந்தார்கள். அப்படி ஒருவனைக் கொண்டு வரவே இல்லை என்றார்கள் எல்லா இடத்திலும். வாசல் கேற் சத்தம் கேட்டால் கிருஷ்ணம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடுவாள். பால்காரனாக இருக்கும். அந்த ஓட்டத்தைப் பார்க்கச் செல்லச்சாமிக்குத் தாங்கவில்லை. வீட்டை விற்றுவிட்டு ஹட்டனில் தம்பியோடு போய் இருந்துவிடலாம் என்று புரோக்கர் மீராசாஹிப்பைக் கூப்பிட்டார்.

மீராசாஹிப் கெட்டவர் இல்லை. தொழில் தெரிந்தவர், அவ்வளவுதான்.

"அண்ணே, உள்ளதச் சொல்றேன், கோவிக்காதீங்க. புள்ளயத் தூக்கிட்டுப் போன ஊடுன்டு தெரிஞ்சா ஒருத்தனும் கேட்டத் தொறக்க மாட்டான். மகன் வெளிநாட்டுல, கட்டாருல ஈக்கிறான்டு சொல்லுங்க."

"அவ சொல்ல மாட்டா, மீராசாஹிப் நானா."

"சொல்லத்தான் வேணும். ஊடு பாக்க வாறவன் பொம்புளகிட்டதான் கேப்பான்."

3

முதலில் வந்தவர்கள் நாவுலயிலிருந்து ஒரு மரக்கறி வியாபாரியும் அவர் மனைவி கமலாட்சியும். கிருஷ்ணம்மா மூன்று நாளாகக் குசினிக்குள் அந்த ஒரு சொல்லை மென்று பழகியிருந்தாள். அறை வாசலில் கமலாட்சி நின்று கேட்டபோது அவள் சேலைத் தலைப்பால் கதவுநிலையைத் துடைத்தாள். செல்லச்சாமி பின்னால் நின்று செருமினார்.

"மகனோட ரூமுங்க. கட்டாருல இருக்கான்."

"எத்தன வருசமாச்சு?"

"ரெண்டு."

அது உண்மைதான். உண்மை வாயில் வந்ததும் உடம்பு கொஞ்சம் இளகியது.

"ஐயோ பாவம். அந்த ஊரு சாப்பாடு ஒத்துக்குதாமா புள்ளைக்கு?"

இரண்டு வருடமாக அவளிடம் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அக்கம்பக்கத்தார் அவன் பேரையே எடுப்பதில்லை. எடுத்தாலும் குரலைத் தாழ்த்தித்தான் எடுப்பார்கள். இந்தப் பெண் சாதாரணக் குரலில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் கேட்பதுபோலக் கேட்கிறாள்.

"எந்நேரமும் ரொட்டிதானாம். வெள்ளிக்கிழம மட்டும் சோறு ஆக்குவாங்களாம்," என்றாள் கிருஷ்ணம்மா. சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். அன்று அவள் ஒரு கோப்பை சோறு முழுதாகச் சாப்பிட்டாள். செல்லச்சாமி அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் வெளியே போய் நின்றார்.

அதற்குப் பிறகு வீடு பார்க்க ஆள் வருகிறதென்றால் அவள் விடியமுன் எழும்பி வாசல் கூட்டினாள், திரைச்சீலை துவைத்தாள், தலைக்கு எண்ணெய் வைத்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் மகனைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி கேட்டதில் அவனுக்கு மீசை வந்தது. இன்னொருத்தர் கேட்டதில் கேரளத்துக் கூட்டாளி ஒருவன் கிடைத்தான். ஒரு கிழவர் கேட்டதில் முதுகு வலி வந்து, மருந்து பூசி, சுகமும் ஆகிவிட்டது. ஆனால் யாருக்காவது வீடு பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தால், "சாதிக்கா மரத்துப் பக்கம் கூரை ஒழுகும்ங்க, சொல்லலன்னு இருக்கக் கூடாது பாருங்க," என்பாள். ஆட்கள் வர வேண்டும், வாங்கக் கூடாது. வீட்டை விற்றால் கட்டாரில் இருக்கிற பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஹட்டனில் யார் வருவார்கள்?

[இந்த இடத்தில் நீங்கள் என்னைச் சந்தேகிக்க வேண்டும். அவள் வயிற்றுக்குள் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? பாதியைப் பிறகு செல்லச்சாமி சொன்னார். மீதி நான் சேர்த்தது. கேரளத்துக் கூட்டாளி என் சரக்கு. அவனைத் தனியாக விட மனம் வரவில்லை.]

4

எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ அந்த வீட்டைப் பார்க்க வந்தவன் நான். கூட என் மனைவி ஹிதாயா. எனக்கு வீடு பிடித்தது. ஹிதாயாவுக்கு அதைவிடக் கட்டார் பிடித்தது.

"இஞ்ச பாருங்களே, தம்பிக்கி ஒரு வேல எடுத்துத் தரச் சொல்லுங்களே இவங்கட மகன்கிட்ட," என்று என் கையைக் கிள்ளினாள். என் மச்சினன் அப்போது இரண்டு வருடமாகச் சும்மா திரிந்துகொண்டிருந்தான்.

நான் கேட்டேன். விலாசம் தந்தால் எழுதுகிறேன் என்றேன். விலாசம்! கிருஷ்ணம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். மகனுக்கு மீசை கொடுத்தவளுக்கு ஒரு தெருப் பேர் கொடுக்கத் தெரியவில்லை.

"விலாசம் எதுக்குங்க மாஸ்டர்," என்றாள். "தீவாளிக்கு வர்றான். நேர்லயே வந்து கேளுங்க."

பொய் சொல்கிறவள் நாள் குறிக்கக் கூடாது. ஆனால் அவள் அந்த நிமிஷத்தில் பொய் சொல்லவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அவள் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிள்ளை வருகிற நாள் தெரிந்த தாயின் முகம்தான் அது.

5

தீபாவளிக்கு முதல் நாள் அந்த வீட்டில் ஒரு சட்டைக்காகச் சண்டை நடந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. கிருஷ்ணம்மா டவுனுக்குத் தனியாகப் போய் எடுத்து வந்தது.

"படையல்ல வச்சுருவோம் கிருஷ்ணம்மா," என்றார் செல்லச்சாமி. "ரெண்டு வருசமாச்சு. எங்க கெடக்குறானோ. ஒரு வேள சோறும் துணியும் வச்சுக் கும்புட்டா அவனுக்கும் ஒரு வழி பொறக்கும்."

"படையல்ல வக்கிறதுக்கு நான் பெத்தது பொணமா?"

அவள் சட்டையை மார்போடு சேர்த்துக்கொண்டு பின்னறைக்குள் போய்விட்டாள். காலையில் மஞ்சள் அரைத்து, விரலால் தொட்டு, காலர் ஓரத்தில் வைத்தாள்.*

* செத்துப் போனவர்களுக்கென்று எடுக்கிற துணியை இந்து வீடுகளில் படையலில் வைப்பார்கள். உடுத்தப் போகிறவர்களின் புதுத் துணியில் மஞ்சள் தொட்டு வைப்பார்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்கு அடுத்த தெருவிலேயே வளர்ந்தும் எனக்கு இது தெரியாது. பெருநாளுக்கு அத்தர் பூசுகிறவன் நான்.

பத்து மணிக்கு மச்சினனின் பாஸ்போர்ட் பிரதியை உறையில் போட்டுக்கொண்டு போனேன். கிருஷ்ணம்மா புதுச் சேலை உடுத்தியிருந்தாள்.

"வாங்க மாஸ்டர். ஆத்துக்குக் குளிக்கப் போயிருக்கான். உக்காருங்க."

உட்கார்ந்தேன். முறுக்கு வந்தது, தேத்தண்ணீர் வந்தது. செல்லச்சாமி எதிரில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி போனது. ஒரு மணியும் போனது. கால் மரத்துப் போய் எழும்பி நடந்தேன். பின்னறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் சட்டையைக் கைகளை விரித்து வைத்திருந்தார்கள். பிழை பிடித்தே சம்பளம் வாங்குகிற என் கண் நேராகக் காலருக்குப் போனது.

"அம்மா, புதுச் சட்டையில கறை பட்டிருக்கே. இப்பவே கழுவினாப் போயிரும்."

அவள் வந்து பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கறை இல்லங்க மாஸ்டர். மஞ்ச. உசுரோட இருக்கிறவங்க உடுப்புக்கு வக்கிறது."

நான் தலையாட்டினேன். அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. நான் கேட்காமலே அவள் இன்னொரு தடவை, மெதுவாக, "உசுரோட இருக்கான்," என்றாள். பிறகு குசினிக்குள் போனாள். வெகு நேரம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. செல்லச்சாமி என் தோளைப் பிடித்துக் கேற் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், எல்லாவற்றையும் சொன்னார்.

6

இந்தப் பகுதியை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். ஒரு பிரதியில் நான் கேற்றடியில் நின்று அழுதேன். ஒரு பிரதியில் செல்லச்சாமியைக் கட்டிப் பிடித்தேன். இன்னொன்றில் திரும்பி உள்ளே போய், "நல்லது அம்மா, அவன் வந்ததும் சொல்லுங்க," என்று உறையை மேசையில் வைத்தேன். வாத்தியார் செய்ய வேண்டியது அதுதான்.

நடந்தது இது. மறுநாள் மீராசாஹிப்பின் கடைக்குப் போய், "அந்தப் பிள்ளை கட்டாரில் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்குத் தகுந்த மாதிரி விலையைப் பேசுங்கள்," என்றேன்.

மீராசாஹிப் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். "நீங்களா மாஸ்டர்?" என்றார். பிறகு போய்ப் பேசினார். விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. தை மாதம் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதினோம்.

கொடுமை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன். அந்த வீட்டில்தான் என் மகள் வளர்ந்தாள், கலியாணம் முடித்தாள். அந்த வீட்டில்தான் நான் சுகமாகத் தூங்கினேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சாவி கொடுத்த நாளில் கிருஷ்ணம்மா ஒரு கடதாசிப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள்.

"உங்க மச்சினனுக்குக் குடுங்க மாஸ்டர். புதுசுதான். யாரும் உடுத்தல."

அப்போது இருந்த வீட்டுக்கு வந்து பிரித்தோம். நீலக் கட்டம் போட்ட சட்டை. துவைத்து, நீலம் போட்டு, மடித்திருந்தது. காலரில் ஒன்றுமே இல்லை. மஞ்சள் அவ்வளவு லேசில் போகாது என்று ஹிதாயா சொன்னாள். எத்தனை தடவை தேய்த்தாளோ.

மச்சினன் அதைத் தொடவில்லை. அலுமாரியின் அடித்தட்டில் பதினேழு வருடமாக இருக்கிறது.

7

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். நாங்கள் அக்குறணையில் மகளோடு போய் இருக்கப் போகிறோம். மீராசாஹிப் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார், புரோக்கர் வேலையை அவர் மகன் பார்க்கிறான். நேற்று போன் எடுத்து, "சேர், அந்தப் பழைய கதைய மட்டும் எடுத்திராதீங்க. இப்பவும் வேன்ல ஆளத் தூக்குற காலம், சனம் பயப்படுது," என்றான். வாப்பா சொன்ன அதே புத்தி.

முடிவு ஒன்று: அறை வாசலில் நின்று, "இது மோகன்ராஜ் என்ற ஒரு பிள்ளையின் அறை. கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை," என்று சொல்கிறேன். வந்தவர்கள் தேத்தண்ணீரை அரைவாசியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். உண்மை சொன்ன திருப்தி எனக்கு. அவனை இன்னொரு தடவை படையலில் வைத்த பாவமும் எனக்கே.

முடிவு இரண்டு: "மோகன்ராஜ் தம்பியின் அறை. கட்டாரில் இருக்கிறார்," என்கிறேன். சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று யாராவது கேட்கிறார்கள். ஒரு மணி நேரம் அவன் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டு, மீசையோடு, உயிரோடு இருக்கிறான். எனக்கு முழு விலையும் கிடைக்கிறது. அப்போது அந்தப் பொய் யாருக்காகச் சொன்னது? அவனுக்கா, என் பைக்கா? இதற்குப் பதில் தெரியாமல்தான் பேனை நிற்கிறது.

முடிவு மூன்று: கிருஷ்ணம்மா இன்னும் ஹட்டனில் இருந்தால் அவளைத் தேடிப் போய்...

இல்லை. போகிற ஆளாக இருந்தால் பதினேழு வருடத்தில் போயிருப்பேன்.

ஆகவே ஞாயிறு வருகிற குடும்பம் நீங்களாக இருங்கள். கேற் திறந்திருக்கும். குழாயைத் திறந்து பாருங்கள், சுவரைத் தட்டிப் பாருங்கள். சாதிக்காய் மரத்துப் பக்கம் கூரை ஒழுகவே இல்லை, ஒரு நாளும் ஒழுகியதில்லை. பின்னறைக் கட்டிலில் அந்த நீலக் கட்டச் சட்டையைக் கைகளை விரித்து வைத்திருக்கிறேன். குசினி அம்மியில் மஞ்சள் அரைத்தும் வைத்திருக்கிறேன். யாருடைய அறை என்று என்னைக் கேட்க வேண்டாம். உள்ளே போய், அந்தக் காலரை நீங்களே தூக்கிப் பாருங்கள். மஞ்சள் இருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல்லுங்கள். நான் கேற்றடியில் நிற்கிறேன்.