மணிக்கூண்டின் முதுகு

"இதுல என்ன இருக்குன்னு இதைப் போய்ப் படம் பிடிச்சே?"

பெரியப்பா ஒருநாள் அவளிடம் இப்படிக் கேட்டார். படத்தில் இருந்தது ஸ்டூடியோவின் பின்புறக் குழாயடி. அங்கே கவிழ்த்துவைத்த ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியின் அடிவிளிம்புக்குள் தேங்கிய தண்ணீரில் ஒரு துண்டு வானம். கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. அதனால்தான் தம்பி மகள் என்றும் பாராமல் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தார் அவர்.

பெரியப்பா கலையில் கரைகண்டவர். மணிக்கூண்டுக்கு எதிரே ஸ்டூடியோ. வாசல் நடைபாதையில் மஞ்சள் பெயிண்டால் இரண்டு பாதங்கள் வரைந்துவைத்திருந்தார். அதில் நின்று கையை நீட்டினால், படத்தில் மணிக்கூண்டு உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்துவிடும். முப்பது வருடமாக இந்த ஊருக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பாதங்களில் நின்று பல்லைக் காட்டினார்கள். புதுமணத் தம்பதி, ஓய்வுபெற்ற நீதிபதி, நடக்கப் பழகாத குழந்தை, யாராக இருந்தாலும் அதே கை, அதே பல். படம் எடுத்து முடித்தபின் திரும்பி மணிக்கூண்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"கொஞ்சம் கீழ... இன்னும் கீழ... ஆங், தூக்கிட்டீங்க!" என்பார் பெரியப்பா. அவர்களும் நிஜமாகவே தூக்கிவிட்ட மாதிரி மூச்சு வாங்குவார்கள்.

மணிக்கூண்டு அழகில்லை என்று அவள் நினைத்ததில்லை. அவளுக்கு அதன் முதுகுப் பக்கம் பிடிக்கும். அங்கே ஒரு சின்னக் கதவு, மூன்று படிகள். ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து நடுப்படி குழிந்து வழுவழுவென்று இருக்கும். தாழ்ப்பாளில் கைபட்ட இடம் மட்டும் பளபளக்கும். பிரிண்ட் போடும் வேலை இல்லாத நேரத்தில் ஸ்டூடியோவின் பழைய கேமராவை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவாள்.

போன மாதம் பெரியப்பா அந்தக் கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வாளிக்கும் கதவுக்கும் என்னைக்குச் சிரிக்கத் தெரியுதோ, அன்னைக்கு வந்து கேளு. தர்றேன்."

அன்றிலிருந்து அவளுக்குக் கண் இருந்தும் கை இல்லாத மாதிரி ஆகிவிட்டது. நல்ல நல்ல வெளிச்சமெல்லாம் வீணாகிக்கொண்டிருந்தது.

இந்த மாதம் ஒரு மழையில் மணிக்கூண்டின் பின்சுவர் சரிந்தது. கதவும் படிகளும் மண்ணோடு மண். முன்பக்கம் அப்படியே நின்றது. எனவே அதைத் தூக்குகிறவர்கள் வழக்கம்போலத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காலையில் இன்ஜினியர் ஒருவரும் கொத்தனார் ஒருவரும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். இருந்தபடியே திருப்பிக் கட்ட வேண்டுமாம். பழைய படம் தேவை.

"முப்பது வருஷத்துப் படம் இருக்கு சார்! எந்த வருஷம் வேணும்?" என்று பெட்டிபெட்டியாக இறக்கினார் பெரியப்பா.

ஆயிரம் உள்ளங்கைகள். இன்ஜினியர் அரைமணி நேரம் புரட்டினார். "பின்பக்கம் வேணும் சார், பின்பக்கம்!"

"பின்பக்கத்தை எவன் எடுப்பான்?" என்று சொன்ன பிறகுதான் பெரியப்பாவுக்கு உறைத்தது. குனிந்து, அவளுடைய மேசைக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டியை இழுத்தார்.

கதவு. தாழ்ப்பாள். படிகள்.

"அட, இதுதானே வேணும்! யாரு எடுத்தது?"

"நான்தான்," என்றார் பெரியப்பா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "அழகுங்கிறது மூலைமுடுக்குலதான் சார் இருக்கு. பாக்கக் கண்ணு வேணும்."

முப்பது வருடமாக முளைக்காத கண் மூன்று நொடியில் முளைத்துவிட்டது. அவள் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதுமடல் மட்டும் சுட்டது.

கொத்தனார் ஒரு படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நடுப்படியின் குழிவில் ஈரம். அதில் வெயில் விழுந்து, கல்லே உருகி நிற்பது போலிருந்தது.

"இந்த ஈரம் எப்படிங்க வந்துச்சு? அடியிலிருந்து ஊறுச்சுன்னா அஸ்திவாரத்தையே மாத்தணும்."

"மழைங்க."

"மேல்படி காஞ்சு கிடக்கே?"

"அது... சாரல்."

"மேல்படியை மட்டும் விட்டுட்டு அடிக்கிற சாரலா?"

பெரியப்பாவுக்கு இருமல் வந்தது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"மழை இல்ல. பூக்கடை அக்கா அங்கதான் உக்காருவாங்க. பத்து மணிக்கு வாளித் தண்ணியை ஊத்தி நடுப்படியைக் கழுவுவாங்க. பத்தேகாலுக்கு வெயில் கூண்டைச் சுத்தி வந்து அந்தக் குழியில விழும். அஞ்சு நிமிஷம்தான், அப்புறம் காஞ்சிடும். அது கிடைக்க நாலு நாள் நின்னேன்."

அவள் இவ்வளவு பேசி அந்த ஸ்டூடியோ கேட்டதில்லை. கொத்தனார் மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நிக்கலாம்," என்றார். "இதுக்கு நாலு நாள் நிக்கலாம்."

இன்ஜினியர் பெரியப்பாவைப் பார்த்தார். "அப்போ சார், நீங்க எடுத்தது..."

வெளியே மஞ்சள் பாதங்களில் ஒருவர் கையை நீட்டியபடி நின்றிருந்தார். "அண்ணே, சீக்கிரம் வாங்க! கை கடுக்குது!"

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அட்டைப்பெட்டியின் மேல் வைத்தார். செருப்பை மாட்டினார். நீட்டிய கைக்கு அடியில் குனிந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.