பார்க்காத பக்கம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலையிலிருந்து விரிப்பு மடித்த கையோடு, ஈரவாடை போகாத உடுப்போடு, சிட்டுவின் அம்மா மறுபடியும் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை எப்போதோ விட்டாயிற்று. கால் தேய நடந்ததெல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். சிட்டுவுக்கு டிஸ்லெக்சியா என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படி எழுத்து பிடிபடாத பிள்ளைகளுக்கென்றே அந்த அரசுப் பள்ளியில் ஒரு வாசிப்பு டீச்சர் இருந்தார். அவரிடம் இடம் கிடைப்பதென்றால் லேசுப்பட்ட காரியமா? டாக்டர் சொன்னாலும் சரி, யார் சொன்னாலும் சரி, பள்ளி தானே ஒரு தடவை வாசிக்கச் சொல்லிப் பார்த்துத்தான் சேர்த்துக்கொள்ளும்.

அதுதான் இப்போது நடந்துகொண்டிருந்தது. சிட்டு பாடப்புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, குடை தொலைத்த கரடியின் கதையை மடமடவென்று வாசித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், கரடி அழும் இடத்தில் குரலைக்கூட மாற்றினாள். முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

"தண்ணி பட்ட பாடா இருக்கே," என்றார் தலைமையாசிரியர். "இதுக்கா இவ்வளவு அலைச்சல்? நெசமாவே முடியாத பிள்ளைங்க வரிசையில காத்திருக்குதுங்கம்மா."

வேலை முடிந்து வந்து, கண் சொருகச் சொருக, அந்தக் கதையைப் பிள்ளையின் காதில் ஓதி ஓதி ஏற்றியவளே அம்மாதான். வகுப்பில் நாலு பேர் சிரிக்கக் கூடாதே என்று செய்த வேலை. சிட்டுவும் கெட்டிக்காரி, காதில் விழுந்ததை ஒரு சொல் சிந்தாமல் ஒப்பித்துவிடுவாள். எந்த இடத்தில் பக்கம் புரட்ட வேண்டும் என்பதுகூட மனப்பாடம். நல்லது செய்யப்போய் இப்படியா வந்து விடிய வேண்டும்!

பேசாமல் எழுந்து போயிருக்கலாம். பிள்ளை குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கும். அடுத்த வருஷம் என்ன செய்வது? பாடம் பெருத்துக்கொண்டே போகும், அவள் தொண்டை ஒன்றுதானே இருக்கிறது.

"டீச்சர்," என்றாள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வாசிப்பு டீச்சரைப் பார்த்து. "அவ பாக்காத பக்கம் ஒண்ணு குடுங்க."

சிட்டுவின் சிரிப்பு நின்றது. "அதான் வாசிச்சுட்டேனேம்மா."

"குடுங்க டீச்சர். படத்தையும் மறைச்சுக்குங்க. படத்தைப் பாத்தே கதை சொல்லிருவா."

டீச்சர் வேறொரு புத்தகத்தைப் பிரித்து, படத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். சிட்டு முதல் எழுத்தில் விரலை ஊன்றினாள். ஒரு சொல்லை ஊகித்துச் சொன்னாள், அது இல்லை. இன்னொன்று சொன்னாள், அதுவும் இல்லை. பிறகு பக்கத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்தாள். அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் கண்ணு," என்று டீச்சர் புத்தகத்தை மூடினார். தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, "திங்கக்கிழமையில இருந்து தினமும் என்கிட்ட அனுப்புங்க சார். எழுத்துல இருந்தே ஆரம்பிக்கணும்," என்றார்.

கிடைத்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது. எங்கேயாவது ஒரு மூலையில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. வழியெல்லாம் சிட்டு முன்னாலேயே நடந்தாள். பையை வாங்க நீட்டிய கையைத் தட்டிவிட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் அம்மா வழக்கம்போல் சுவரில் சாய்ந்து, மறுநாள் பாடத்தைப் பிரித்துத் தொண்டையைச் செருமினாள்.

"வேணாம்மா," என்றாள் சிட்டு. "நீ வாசிச்சா எனக்கு மனசுல நின்னுடும். அப்புறம் நீயே காட்டிக்குடுத்துருவே."

சொல்லிவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். உன் நல்லதுக்குத்தான்டி என்று சொல்ல அம்மா வாயெடுத்தாள். பிள்ளை காதிலிருந்து கையை எடுக்கவே இல்லை.