நாலு சென்ட்

"தொண்ணூத்தாறு சென்ட்டும்மா" என்று சொல்லி ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அளவுச் சங்கிலியைச் சுருட்டச் சொன்னபோது, மாதம்மாள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருந்த அவள் கணவன் சென்றாயன் திருதிருவென்று விழித்தான்.

யுத்த காலம். பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. தரிசை நெல்வயலாக்கினால் ஏக்கருக்கு முப்பது ரூபாய் மானியம் என்று சர்க்கார் தமுக்கடித்துச் சொல்லியிருந்தது. ஒரு ஏக்கருக்கு, அதாவது நூறு சென்ட்டுக்கு, குறைந்தால் ஒன்றும் கிடையாது. மலைமேல் அரியூர் நாட்டின் அந்த ஓடையோரப் புதர்க்காட்டை இருவரும் எட்டு மாதம் வெட்டித் திருத்தியிருந்தார்கள். ஜோடியில் ஒரு காளை செத்துப்போய், உழவுக்கு இரவல் கேட்டுத் திரிந்த வருஷம் அது. முப்பது ரூபாய் என்றால் பேளுக்குறிச்சிச் சந்தையில் ஒரு மலைக்காளை. சென்றாயன் அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டான்.

"நாலு சென்ட்டுதானுங்களே, சாமி" என்றாள் மாதம்மாள்.

"நான் எழுதிருவேன். அப்புறம் மேல இருந்து வந்து அளக்கறவரு என் வேலையத் தூக்கிருவாரு." இன்ஸ்பெக்டர் கெட்டவர் அல்ல. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலையேறியதில் அவருடைய செருப்பு பிய்ந்து, வாழைநாரால் கட்டியிருந்தது. "அடுத்த பள்ளத்துல ரெண்டு வயல் இருக்குது. பொழுது சாயறப்ப இந்த வழியாத்தான் திரும்புவேன். நாளைக்குக் கீழ எறங்கிட்டா இந்த வருசம் முடிஞ்சுது."

அவர் போனதும் மாதம்மாள் சுற்றிப் பார்த்தாள். ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சுப்பண்ணன் நிலம். நாலாவது பக்கம் அவர்களுடைய வீடு. ஒட்டினாற்போல மாட்டுக்கொட்டகை, களம். கல்யாணமான வருஷம் இருவரும் மிதித்துக் குழைத்துக் கட்டிய சுவர்கள். ஆனால் இடம் நல்ல மட்டம். பின்னாலேயே வாய்க்கால் ஓடியது.

"ஏனுங்க, ஊட்டப் பிரிச்சுருவமா?"

சென்றாயன் அவளையே பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே கூரைமேல் ஏறினான்.

புழுதியைப் புகையென்று நினைத்துச் சுப்பண்ணன் குடத்தோடு ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் குடத்தை வைத்துவிட்டுக் கடப்பாரை கொண்டுவந்தார். அவர் மனைவி கண்ணாயி ஊரையே கூப்பிட்டுவிட்டாள். புல் சரிந்தது, மூங்கில்கள் இறங்கின. பத்துப் பேர் தோள்கொடுத்துத் தள்ளியதும் சுவர் ஒரு முனகலோடு மல்லாந்தது. அந்த மண்ணிலேயே வரப்புப் போட்டார்கள். களத்தைக் கொத்தினார்கள். யாரோ பாடினார்கள், யாரோ வைதார்கள், எல்லோருக்கும் வேர்த்தது.

"மடையத் தொற மாதம்மா, பொழுது போவுது!" என்று கண்ணாயி கத்தினாள்.

மாதம்மாள் மண்வெட்டியால் வாய்க்காலை உடைத்தாள். அவள் சோறாக்கிய இடத்துக்குள் தண்ணீர் சுழித்துக்கொண்டு நுழைந்தது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தாள். பயமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை.

திரும்பி வந்த இன்ஸ்பெக்டர் பாதையிலேயே நின்றார். "இங்க ஒரு வீடு இருந்துதே?"

சென்றாயன் சங்கிலி முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். இன்ஸ்பெக்டர் அளந்தார், தாளில் பெருக்கினார், மறுபடியும் பெருக்கினார்.

"நூத்தியொண்ணு."

ஓடைக்கு அக்கரைவரை கேட்கும்படி எல்லோரும் கூவினார்கள். சென்றாயன் சேற்றுக்கையை இடுப்பில் துடைத்துவிட்டுத் தாளில் பெருவிரல் ரேகை உருட்டினான்.

"ராத்திரி எங்கம்மா படுப்பீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மேட்டுல மூங்கிலும் புல்லும் கெடக்குதுங்க சாமி. கையி நாலு இருக்குது" என்றாள் மாதம்மாள்.

புது வரப்பின்மேல் அவளுடைய கோழி வந்து நின்றது. தினமும் அடுப்பு மூலையில் அடையும் கோழி. ஒரு காலைத் தண்ணீரில் வைத்தது, உதறி எடுத்தது, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தது.