கிரகணத்தன்று வந்த தேனீக்கள்

திருத்தணி மலைக்கோயிலில் பஞ்சாமிர்தம் பிசைகிற ராகவேந்திராவுக்குத் தேனீக்களைக் கண்டாலே ஆகாது. காலையில் அவர் வாழைப்பழம் உரிக்கும் நேரத்துக்குச் சரியாக மடப்பள்ளிச் சன்னலில் வந்து மொய்க்கும். மதியத்தில் ஒன்றுகூட எட்டிப் பார்க்காது. "கடிகாரத்தை முழுங்கிட்டுப் பொறந்ததுங்க" என்று திட்டிக்கொண்டே துண்டை வீசி விரட்டுவார்.

அன்றும் வழக்கம்போலக் குளித்துவிட்டு மலையேறினார். மடப்பள்ளி பூட்டியிருந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. மூடிய சன்னலில் தேனீக்கள் மட்டும் முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தன.

"பழமே வரலை, அதுக்குள்ள மொய்ச்சிகினு இருக்குதுங்க!" என்று துண்டை ஓங்கினார்.

செல்போன் அடித்தது. மனைவி சாய்லக்ஷ்மி.

"எங்கங்க போனீங்க? இன்னைக்குக் கிரகணம், நடை சாத்திடுவாங்க, சாயங்காலம்தான் வேலைன்னு நேத்து நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்லிகினு இருந்தீங்க!"

ஓங்கிய கை மெல்ல இறங்கியது. ராகவேந்திரா தேனீக்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க வேற யார்னா இருக்காங்களா?"

"ஆங், இருக்காங்க" என்றார். "என்ன மாதிரியே நேரம் தப்பாம வந்தவங்க நெறைய பேரு."

துண்டை விரித்துச் சன்னலடியில் உட்கார்ந்தார்.