இடது ஓரத்தில் நிற்பவன்

ஆட்டத்தில் தலை மோதி அறுபத்தெட்டு மணி நேரம் ஆனபோது ஓர்லின் நோராலெஸ் அவனை முதன்முதலாகப் பார்த்தான்.

அக்டோபரில் செயின்ட் ஜான் நகரத்துக் கடலிலிருந்து மூடுபனி ஏறிவந்து மைதானத்தில் உட்கார்ந்துகொள்ளும். கால்பந்துப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பந்து வருவதற்கு முன் நடுக்கள ஆட்டக்காரன் இரண்டு தோளுக்கு மேலும் திரும்பிப் பார்த்துவிட வேண்டும். ஹொண்டுராசில் சின்ன வயதிலேயே ஓர்லினுக்குப் படிந்துபோன பழக்கம் அது. பார்த்தான். இடது ஓரத்தில், கோட்டையொட்டி, தங்கள் அணியின் நீலச் சட்டையில் ஒருவன் தனியாக நின்றான். பந்தை அனுப்பினான். அது அவன் காலருகே போய், நிற்காமல், விளம்பரப் பலகையில் மோதியது.

"ஜெனரல், யாருக்குப் போட்ட? பேய்க்கா?" என்று கத்தினான் கெமார். இடது ஓரம் ஆடுகிற ஜமைக்காக்காரன். ஓர்லினோடு ஒரே வீட்டில் தங்கியிருப்பவன்; அவனை ஜெனரல் என்றுதான் கூப்பிடுவான்.

எல்லாரும் சிரித்தார்கள். குளிரில் ஒவ்வொரு வாயிலிருந்தும் ஆவி வந்தது. ஓரத்தில் நின்றவனின் வாயிலிருந்து மட்டும் வரவில்லை.

மருத்துவரின் சோதனையில் ஓர்லின் தேறியிருந்தான். ஆனால் தலையில் இது மூன்றாவது அடி. கண்ணில் ஏதோ தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த வருடம் போச்சு. ஒருவேளை ஆட்டமே போச்சு. அவனைப் பார்க்க டென்மார்க் கிளப் ஒன்றிலிருந்து ஆள் வருவதாக ஏஜென்ட் சொல்லியிருந்தார். வாயை மூடிக்கொண்டான்.

சனிக்கிழமை ஆட்டத்தில் அந்தப் பக்கம் போடவே கூடாது என்று நினைத்துத்தான் இறங்கினான். ஆனால் யோசித்துப் பந்து போடுகிறவன் நடுக்களத்தில் ஆட முடியாது. கால் தானாகப் போட்டது. மூன்று முறை. மூன்றும் வெளியே போயின. தோற்றார்கள்.

திங்கட்கிழமை வீடியோ அறையில் கோச் கில்லிஸ் படத்தை நிறுத்தினார்.

"லீக்லயே இவனுக்கு இருக்கிற கண்ணு வேற யாருக்கும் கிடையாது. இவன் ஒரு இடத்துல போட்டா அங்க ஆள் இருந்தாகணும். கெமார், நீ எங்கப்பா போன? காபி குடிக்கவா?"

"நான் சரியாத்தான் ஓடினேன் கோச்..."

"சரியா ஓடினா பந்து ஏன் வெளிய போகுது?"

கெமார் தலையைக் குனிந்துகொண்டான். ஓர்லின் திரையைப் பார்த்தான். பந்து வருவதற்கு முன் திரையிலிருந்த ஓர்லின் இடப்பக்கம் திரும்பி, வெறும் புல்லைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான். மூன்றாவது முறை, பந்து வெளியே போனதும், அந்தப் புல்லைப் பார்த்துக் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டான். அறையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லாரும் கெமாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் கெமார் வீட்டு முன்னால் தெருவில் ஓடிப் பழகினான். ஜன்னலிலிருந்து ஓர்லின் பார்த்தான். கெமாருக்கு ஓரடி முன்னால் நீலச் சட்டை ஓடியது. கெமார் எவ்வளவு முயன்றும் அந்த ஓரடி குறையவில்லை.

வியாழக்கிழமை கெமாரை கிளப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். கிளப் இல்லையென்றால் விசாவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து ஷூவைப் பையில் திணித்தான்.

"அம்மாகிட்ட என்ன சொல்றது ஜெனரல்? இருபத்திமூணு வயசுல கால் போச்சுன்னா?"

"உன் கால் போகலடா."

"நீ நல்லவன். அதான் அப்படிச் சொல்ற."

ஓர்லின் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக கோச்சின் அறைக்குப் போனான்.

"உனக்காகத்தான்ப்பா," என்றார் கில்லிஸ். "வேகமான பையன் ஒருத்தனைப் பிடிச்சிட்டேன். இனிமே உன் பந்து வீணாகாது."

"யாரைப் போட்டாலும் வீணாத்தான் போகும் கோச்."

"என்ன சொல்ற?"

"கெமார் இருக்க வேண்டிய இடத்துலதான் இருந்தான்," என்றான் ஓர்லின். "தலை மோதினதுலேருந்து எனக்கு நம்ம டீம்ல பன்னெண்டு பேர் தெரியறாங்க."