கம்ப்யூட்டருக்கு ஒரு மெத்தை

எனக்கு ஒரு வியாதி உண்டு. சகலை எதிரே உட்கார்ந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் நம்ம வீட்டுக்கு வாங்க. எங்க ஹால்லயும் தியேட்டர் ரெடி" என்று நான் அவரிடம் அளந்துவிட்டபோது எங்கள் ஹாலில் இருந்தது ஒரு டிவி, அதற்குக் கீழே ஒரு மேசை, மேசைக்குக் கீழே என் பழைய செருப்பு. அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டில் பெரிய திரை போட்டு, சுற்றி ஸ்பீக்கர் மாட்டினார். அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானம் தவறாமல் எங்களைக் கூப்பிட்டுப் படம் காட்டுவார். நல்ல மனுஷன்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வாரமும் படம் ஆரம்பிக்கும் முன் ஒரு பிரசங்கம் உண்டு. "சகலை, இந்த எல்லா ஸ்பீக்கர் சத்தமும் ஒரே ஒரு இடத்துலதான் வந்து சேரும். அது இந்த நடு சீட்டு" என்று சொல்லி, அந்த நடு சீட்டில் அவரே உட்கார்ந்துகொள்வார். ஒரு பக்கம் அவர் மனைவி. இன்னொரு பக்கம் அவருடைய கால். அந்த சோபாவைத் தைத்துக் கொடுத்தது யார்? நான். சோபா வேலைதான் என் தொழில். நான் தைத்த சோபாவில் அவர் கால் உட்கார்ந்திருக்கும், நான் தரையில் உட்கார்ந்திருப்பேன். என் மனைவிக்கு இடது பக்கத்து ஸ்பீக்கரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிற வேலை. சத்தமே நுழையாத ஓர் அறையில் ஆளை உட்கார வைத்து, 'கேக்குதா, இப்ப கேக்குதா' என்று நாள் முழுவதும் சோதிப்பாள். அவள் காது சாதாரணக் காது இல்லை. சமையலறைக் குழாய் சொட்டினால் படுக்கையறையிலிருந்து எழுந்து வருவாள். நான் தொண்டையைச் செருமுவதை வைத்தே நான் சொல்லப்போவது பொய் என்று கண்டுபிடிப்பாள். அப்பேர்ப்பட்ட காதை ஒன்பது வருஷமாக ஒற்றை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் திரும்பும்போது இடது காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஒரே ஒரு படம் நடுவுல உக்காந்து பாக்கணுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருஷம் அவள் வாயைத் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால்தான் அடுத்த வாரம் அப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

காப்பாற்ற வந்தவள் என் மகள். கல்லூரியில் கடைசி வருஷம். கையில் கேம் இல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பேப்பரை எடுத்துப் பட்டியல் எழுதிக்கொண்டே சொன்னாள்.

"புதுசா எதுவும் வாங்க வேணாம்பா. ஆபீஸ்காரங்க கழிச்சுப் போட்ட கம்ப்யூட்டர் ஒண்ணு, அதுக்குள்ள பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு. டிவில மாட்டிட்டா அம்மா படம் பாக்கலாம், நான் கேம் ஆடலாம்."

"இதுல யாருக்காக இந்த கிராஃபிக்ஸ் கார்டு?"

"அம்மாவுக்காகத்தான்" என்றாள், முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு.

பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் ஒரு பெட்டியைத் தட்டி, "கல்லு மாதிரி ஓடும் சார்" என்றார். கல் எங்கே ஓடும் என்று கேட்க நினைத்தேன், மகள் கையைக் கிள்ளினாள். கையிருப்பு அத்தனையும் அந்தக் கடையிலேயே கரைந்தது. தெரிந்தவர் ஒருவர் தன் பரணிலிருந்து ஐந்து ஸ்பீக்கர்களை எடுத்துக் கொடுத்தார். அவற்றுக்கு ஸ்டாண்ட் இல்லை. அதனாலென்ன, என் பட்டறையில் சோபாக் கால்கள் குவிந்து கிடக்கின்றன. கடைந்த தேக்குக் கால்களில் ஐந்து ஸ்பீக்கர்களும் மாப்பிள்ளை மாதிரி நின்றன.

பிறகு சீட்டு. சோபாக்காரன் வீட்டில் சோபா கிடையாது, சொன்னால் சிரிப்பீர்கள். வாடிக்கையாளர்கள் வேலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராத நாற்காலிகள்தான் எங்கள் ஹாலில் ஜோடி சேராமல் இருக்கும். அவற்றில் அகலமான ஒன்றைப் பிரித்து, இருப்பதிலேயே உசத்தியான பஞ்சு வைத்து, நீல வெல்வெட் போட்டு, ஓரத்தில் கயிறு கொடுத்து, முதுகில் பொத்தான் வைத்துத் தைத்தேன். நூல் பிடித்து அளந்து ஐந்து ஸ்பீக்கருக்கும் நடுவில் போட்டேன். மனைவி போகும்போதும் வரும்போதும் வெல்வெட்டைத் தடவிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டோம். திரையில் படம் பளிச்சென்று வந்தது. கூடவே பெட்டிக்குள்ளிருந்து மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரு சத்தமும் வந்தது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மனைவி நீலச் சீட்டில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தாள், எழுந்துவிட்டாள்.

"படத்துல அந்தப் பொண்ணு மூச்சு விடுறது கேக்கல. இந்தப் பெட்டி மூச்சு விடுறதுதான் கேக்குது" என்றாள். "பரவால்லங்க. அத்தான் வீட்டு ஸ்டூலு எனக்குப் பழக்கந்தான்."

அந்தப் 'பரவால்ல' என்னைக் கொன்றுவிட்டது.

"சத்தம் போடாத ஃபேன் கிடைக்கும்பா. அடுத்த மாசம் வாங்கலாம்" என்றாள் மகள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, இவள் அடுத்த மாசம் என்கிறாள். "அதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு, இந்த ஓட்டை எதையும் அடைச்சிடாதீங்க. காத்து போய் வரணும்" என்று வேறு சொன்னாள். நான் தலையாட்டினேன். தலை ஆடியதே தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை.

ஏனென்றால் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. நானும் அவளும் முதன்முதலில் பார்த்துக்கொண்டதே அந்த ஆஸ்பத்திரி அறையில்தான். அறைச் சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு பிய்ந்துபோய், புதிதாக ஒட்டக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஒட்டி முடித்ததும் கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு, "சுத்தமா சத்தமே இல்ல. நல்ல வேலை" என்றாள். என் வேலையை அவள் பாராட்டியது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு கல்யாணமே ஆகிவிட்டது.

பஞ்சு வெளிச்சத்தத்தை உள்ளே விடாது என்றால், உள்சத்தத்தை மட்டும் எப்படி வெளியே விடும்? இந்தச் சின்ன விஷயம் ஒரு கம்ப்யூட்டர்காரனுக்கும் தோன்றவில்லையே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சனிக்கிழமை மகள் கல்லூரிக்குப் போனாள், மனைவி ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் பெட்டியைத் திறந்தேன். நாற்காலியில் மிச்சமான பஞ்சை வெட்டி, உள்ளே ஆறு பக்கமும் ஒட்டி, மேலே நீல வெல்வெட் இழுத்துத் தைத்தேன். ஓரத்துக்குக் கயிறுகூடக் கொடுத்தேன். முன்னால் ஓட்டை, பின்னால் ஓட்டை, பக்கத்தில் ஓட்டை, ஒன்று விடவில்லை. சத்தம் அந்த வழியே போய்விடுமே! மூடியைச் சாத்திப் போட்டுப் பார்த்தால், அடடா! பூனை நடக்கிற சத்தம்கூட இல்லை.

சாயங்காலம் மனைவி வந்து பெட்டியில் காதை வைத்துப் பார்த்தாள்.

"நிஜமாவே கேக்கலையே! என்னங்க பண்ணீங்க?"

"கொஞ்சம் தூசி தட்டினேன்" என்றேன், தொண்டையைச் செருமாமல்.

சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சகலை மனைவியோடு வந்தார். ஹாலை ஒரு நோட்டம் விட்டார், சோபாக் கால் ஸ்பீக்கரைப் பார்த்து மூக்கால் சிரித்தார், நேராகப் போய் நீலச் சீட்டில் உட்கார்ந்தார். யோசிக்கவே இல்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் போவதைப் போலப் போனார்.

மனைவி என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. 'அது அவள் இடம், எழுந்திருங்க' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? "நல்லா சாஞ்சு உக்காருங்க சகலை." சீ! இந்த வாயைத் தைக்கத்தான் எனக்கு ஓர் ஊசி கிடைக்கவில்லை. மனைவி இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

படம் ஒரு கப்பல் புயலில் மாட்டிக்கொள்வது பற்றியது. கால் மணி நேரம் அருமையாக ஓடியது. சகலைகூட "பரவால்லையே" என்றார். திடீரென்று மனைவி தலையைத் திருப்பினாள்.

"உள்ள ஃபேன் சத்தம் ஏறிட்டே போகுது."

"ஒண்ணும் கேக்கலையே" என்றார் சகலை.

"எனக்குக் கேக்குது. மூச்சு முட்டுற மாதிரி கத்துது."

அவள் சொல்லி முடிக்கவில்லை, திரை இருண்டுவிட்டது. பெட்டி செத்த மாதிரி நின்றது.

"கரண்டு ஏறி இறங்கியிருக்கும்" என்றேன். மின்விசிறி நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி போட்டோம். ஐந்து நிமிஷம் ஓடி நின்றது. மூன்றாம் முறை கப்பல் கடலுக்குள்ளேயே போகவில்லை.

சகலை முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். எழுந்தார். "இதுக்கெல்லாம் அனுபவம் வேணும் சகலை. வாங்க, எல்லாரும் நம்ம வீட்டுக்கே போயிடலாம். மிச்சத்தை அங்க பாத்துக்கலாம்." அவர் மனைவி செருப்பைப் போட்டாயிற்று. என் மனைவியும் எழுந்து கைப்பையை எடுத்தாள். இடது காதை ஒரு முறை தேய்த்துக்கொண்டாள். அங்கே ஸ்டூல் காத்திருக்கிறது, அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அப்பா!" மகள் பெட்டியின் மேல் கை வைத்துவிட்டு உதறினாள். "தோசைக்கல்லு மாதிரி சுடுது! உள்ள என்ன பண்ணீங்க?"

"தூசி..."

இந்த முறை தொண்டை தானாகச் செருமியது. மனைவி கைப்பையைக் கீழே வைத்தாள்.

மகள் மூடியைக் கழற்றினாள். நீல வெல்வெட், வரிவரியாகத் தையல், ஓரத்தில் கயிறு, நடுவே திணறிக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டர்.

"கம்ப்யூட்டருக்கு மெத்தையா?" என்று சகலை கேட்டார். "தலகாணி எங்க சகலை?"

அவர் சிரிக்கத் தொடங்கினார், அவர் மனைவி சிரித்தாள், என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். என் மானம் கப்பலேறிவிட்டது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து வெல்வெட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க ஆஸ்பத்திரி ரூமு மாதிரி பண்ணீங்களா?"

"ஆமா" என்றேன். "சத்தம் உனக்கு ஆகாதே."

"சூடு தாங்காம அதுவே அணைஞ்சுக்குதும்மா" என்றாள் மகள். "பஞ்சை எடுத்தா ஓடும். ஆனா பழையபடி கத்தும்."

தையல் பிரிக்கிற ஊசியை எடுத்தேன். கை வரவில்லை, நல்ல தையல் அது. ஆனாலும் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பஞ்சைப் பிய்த்தெடுத்து மூலையில் போட்டேன். மூடியே இல்லாமல், பக்கத்தில் மேசை விசிறி ஒன்றையும் வைத்து, மகள் பொத்தானை அழுத்தினாள். மிக்ஸி ஓடத் தொடங்கியது. விசிறியும் தன் பங்குக்குக் கடகடவென்றது.

"இந்த இரைச்சல்ல எவன் படம் பாப்பான்?" என்றார் சகலை. "கெளம்புங்க, நம்ம வீட்டுக்குப் போலாம்."

மனைவி நேராகப் போய் நீலச் சீட்டில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்து, இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்தாள்.

"நான் இங்கயே பாக்குறேன்."

சகலை திகைத்துப்போனார். "இல்லம்மா, நான் அங்கதான உக்காந்திருந்தேன்..."

"ஆமா அத்தான். ஒன்பது வருஷமா உக்காந்திருந்தீங்க." கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "இன்னைக்கு நான் உக்காந்துக்கறேன்."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தங்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு சகலையால் எங்கே போக முடியும்? இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அவரும், வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நானுமாக உட்கார்ந்தோம். கப்பல் மறுபடி கிளம்பியது.

வலது காதில் மட்டும் அலை அடித்தது. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இப்படித்தானா இவள் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தாள்? படத்தை விட்டுவிட்டு நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். புயல் இடமிருந்து வலமாகப் போகும்போது அவள் தலையும் மெதுவாகத் திரும்பியது. மழை பின்னாலிருந்து வந்தபோது தோளைக் குறுக்கிக்கொண்டாள். சிரித்துக்கொண்டே குறுக்கிக்கொண்டாள்.

சகலை இடது காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

பாதிப் படத்தில் மனைவி என் பக்கம் குனிந்து, "ஏங்க" என்றாள்.

"என்ன, சத்தமா இருக்கா? நிறுத்திடவா?"

"என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

மாடி வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவள் லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு திரைப்பக்கம் திரும்பினாள்.