மூக்காயி தூற்றிய மண்

ஆனந்தராஜ் குளத்தூரில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், விடிகாலை வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு அன்னவாசல் பக்கம் மூக்காயியின் வயலில் இறங்கினார். முந்தின நாள் நட்ட நாற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மிதித்தார். பிற்பாடு வந்த காட்டுப்பன்றிகள், நமக்கு இங்கே வேலை மிச்சமில்லை என்று திரும்பிப் போயின. மூக்காயி ஒரு கை மண்ணை அள்ளி, "நீ வெளங்காமப் போக" என்று அவர் முகத்துக்கு நேரே தூற்றினாள். மண் வந்து சேர்வதற்குள் ஆனந்தராஜ் படம் எடுத்துவிட்டார்.

படத்துக்கு 'விதைக்கும் தாய்' என்று பெயர் வைத்தார். அதுதான் அவரை விமானம் ஏற்றியது. லிஸ்பனில் அதை மாட்டிய அன்று கண்காட்சிக் கூடத்தின் கூரை ஒழுகியது. வெளியே நல்ல வெயில். பிராகில் அதை மாட்டியதும் கூடத்தின் மேலாளர் படியில் உருண்டு இரண்டு காலையும் முறித்துக்கொள்ள, அந்த நாற்காலியில் ஆனந்தராஜை உட்காரவைத்து, எந்தப் படம் எந்தச் சுவரில் தொங்குவது என்று தீர்மானிக்கும் க்யூரேட்டர் ஆக்கினார்கள். ஆஸ்லோவில் அவருக்கு மேலே இருந்த மூவருக்கும் ஒரே நாளில் குரல் போனது. கூட்டத்தில் பேச வேறு ஆளில்லை. அவரே பேசினார், அவரே தலைவரும் ஆனார்.

இப்போது ஜூரிக்கில் ஓர் அருங்காட்சியகத்தின் இயக்குநர் பதவி காத்திருந்தது. ஒரே நிபந்தனை: படத்திலுள்ள தாய், விதைத்த கதையை வீடியோவில் தேர்வுக்குழுவிடம் தன் வாயால் சொல்ல வேண்டும்.

ஆனந்தராஜ் அன்னவாசலுக்குத் திரும்பி வந்தபோது மூக்காயி வயலோர மோட்டார் கொட்டகையில் இருந்தாள்.

"அயித்தே, நல்லா இருக்கீங்களா?"

"நீ இன்னும் சாகலையா?"

செல்போனில் படத்தைக் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"கை நல்லா விழுந்திருக்கு. எங்கெங்க மாட்டுனே?"

ஆனந்தராஜ் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னார். கேட்கக் கேட்க அவள் முகம் சுருங்கியது.

"எம் மண்ணு கண்டவன் மேலெல்லாம் விழுந்திருக்கு. ஒனக்கு ஒன்னும் ஆகலையா?"

"எனக்கு ஏறுமுகந்தான்."

"படம் புடிக்கிற பொட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேல்ல. அதான்."

"நீங்க எது வேணாலும் பேசுங்க அயித்தே. நான் இங்கிலீஸ்ல சொல்லிக்கிறேன்," என்று இணைப்புப் போட்டார். ஏழு வெள்ளை முகங்கள் தெரிந்தன. ஓரத்தில் எட்டாவதாக ஒன்று.

"வணக்கங்க அத்தை. நான் ஷர்லி, கறம்பக்குடி. இங்க மொழிபெயர்ப்பாளரா இருக்கேன். சார் சிரமப்பட வேணாம்."



"யாரு மக நீ?"

"சந்தைப்பேட்டை சூசைராஜ் மகளுங்க."

"அப்ப விடாம எழுதிக்க தாயி."

மூக்காயி நாற்பது நிமிடம் பேசினாள். ஆனந்தராஜின் ஏழு தலைமுறையில் ஒருவரும் தப்பவில்லை. ஷர்லி ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னாள். மூன்று சொற்களுக்கு ஜெர்மன் மொழியில் ஈடு இல்லாததால் தமிழிலேயே விட்டாள். ஏழு பேரும் அவற்றைச் சரியான உச்சரிப்பில் பழகிக்கொண்டார்கள்.

முடிவையும் ஷர்லியே சொன்னாள். பதவி கிடையாது. படம் இருக்கட்டும், பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். அத்தை என்ன சொல்கிறாரோ அது.

"நாத்த மிதிச்சவனுக்குப் போட்ட மண்ணுன்னு எழுது. பேரு ஆனந்தராஜு, ஊரு குளத்தூரு. அப்பன் பேரையும் போடு."

திரை அணைந்தது. ஆனந்தராஜ் செல்போனைக் கையில் வைத்தபடியே நின்றார்.

"இனி எந்தத் தேசத்துலயும் என்னைச் சேக்க மாட்டாங்க," என்றார்.

மூக்காயி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"அம்புட்டுத்தானா? கை காலெல்லாம் நல்லாத்தானே இருக்கு. சரி, போ. இன்னும் நாளிருக்கு."